மூன்றாம் கியரில் நிற்காத வண்டி

நானும் என் தம்பியும் சேர்ந்து வாங்கிய ஒரே பொருள் ஒரு கார். அதுவும் இரண்டே பேர் உட்காரக்கூடிய கார்.

அதை வாங்கும் எண்ணத்தோடு நாங்கள் போகவில்லை. பூப்பாறைப் பக்கம் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஏலக்காய் உலர்த்தும் டிரம் ஒன்றை விற்கப்போவதாகத் தகவல் வந்தது. அப்பாவின் சொத்தில் மலைமேல் இருந்த ஏலத்தோட்டம் என் பங்குக்கு வந்தது, சிலமலையில் இருக்கும் தென்னந்தோப்பு தம்பியின் பங்கு. பாகப்பிரிவினையில் எங்களுக்குள் சண்டை எதுவும் வரவில்லை. ஆனால் அதன் பிறகு பேசுவதற்கு விஷயமும் இல்லாமல் போய்விட்டது. பொங்கலுக்கு ஒரு போன், யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் ஒரு போன், அவ்வளவுதான். இயந்திரங்களைப் பார்த்து விலை சொல்லத் தெரிந்தவன் என்பதால் அன்று அவனைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தேன்.

டிரம் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கார் நின்றது. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார் என்றார் மேனேஜர். நீளமான மூக்கு, முட்டி உயரத்துக்கு மேல் வராத கதவு, மேலே மடக்கி விடக்கூடிய கித்தான் கூரை. பச்சை நிறம் வெளுத்து ஏலச்செடி இலையின் அடிப்பக்கம் மாதிரி ஆகியிருந்தது. தம்பி உள்ளே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று போனான். போனவன் எழுந்திருக்கவே இல்லை. சட்டை எடுக்கக்கூடத் தன் மனைவியைக் கேட்காமல் கடைக்குள் நுழையாதவன் அவன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னை அண்ணாந்து பார்த்து, "பாதி நீ போடுறியாக்கா?" என்று கேட்டான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அவன் என்னிடம் ஏதாவது கேட்டே வெகு காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல காய எங்க காயப்போடுறது?" என்று மட்டும் கேட்டார். தம்பியின் மனைவி அந்த அளவுகூடக் கேட்கவில்லை. காரை அவள் கார் என்றோ வண்டி என்றோ சொல்லமாட்டாள். "அது இன்னைக்கு ஓடுதா?", "அதத் தொடச்சீங்களா?" என்று தெருவில் போகிற யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள்.

கார் போடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி சிலமலையிலிருந்து பைக்கில் வருவான். முதலில் ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நான் என்றுதான் பேச்சு. ஆனால் தனியாக ஓட்டும்போது பாதியில் நின்றுபோனால் தள்ள ஆள் இல்லை என்பதால் இருவருமே போக ஆரம்பித்தோம். முந்தல் வரைக்கும் சமவெளி, அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. மேலே பனிக்குள் நின்று பால் இல்லாத ஒரு கட்டன் சாயா, பிறகு இறக்கம். அந்தப் பயணங்களில்தான் அவனுக்கு மீன் குழம்பு பிடிக்காமல் போனதும், அவன் மகளுக்கு மதுரைக் கல்லூரியில் ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் போனதும் எனக்குத் தெரியவந்தது.

அந்தக் காருக்கு நாலே கியர். இப்போதைய கார்களில் எந்த கியர் போட்டாலும் உள்ளே ஒரு பித்தளை வளையம் இருந்து, சுற்றுகிற இரண்டு பாகங்களின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் பல்லோடு பல்லைச் சேர விடும். இந்த வண்டியில் முதல் கியருக்கு மட்டும் அந்த வளையம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி, மறுபடியும் மிதித்துத்தான் போட வேண்டும். தோட்டத்துப் பழைய ஜீப்பில் ஓட்டிப் பழகிய எனக்கு இது காலுக்கே தெரிந்த சமாச்சாரம். தம்பி மட்டும் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை முழுதாக நிறுத்தி, முதல் கியரைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவான். பின்னால் வருகிற பஸ்சுக்காரர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்துபோவார்கள். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியிலிருந்து ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது. முதல் கியரிலும் இரண்டிலும் மூன்றிலும் கேட்கும். நாலாவது கியருக்குப் போனதும் வாயை மூடிக்கொள்ளும். சில வாரங்களில் முனகல் ஊளையாக வளர்ந்தது. அப்புறம் ஒரு நாள் இறக்கத்தில், தம்பி ஓட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் கியரில் இருந்த கியர் கம்பி 'டக்' என்று தானாகவே நியூட்ரலுக்குத் துள்ளி வந்தது. எஞ்சின் பிடி விட்டுப்போனதில் வண்டி கட்டவிழ்த்த கன்று போலப் பாய்ந்தது. தம்பி பிரேக்கை மிதித்து மறுபடியும் மூன்றில் தள்ளினான். அடுத்த வளைவுக்குள் அது திரும்பவும் துள்ளியது. இரண்டாவதில் போட்டால் ஊளைச் சத்தத்தில் காது அடைத்தது, உள்ளே ஏதாவது உடைந்துவிடுமோ என்று அவன் பயந்தான்.

கடைசியில் கியர் கம்பியை நான் இரண்டு கையாலும் மூன்றாம் கியரிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டான். பெட்டிக்குள் இருப்பது என் கையை உதறிக்கொண்டு வெளியே வரப் பார்த்தது. அப்படியே மலையை இறங்கி முந்தலில் ஓரங்கட்டி நின்றபோது என் உள்ளங்கை இரண்டும் மருதாணி வைத்தது போலச் சிவந்திருந்தன. அதைப் பார்த்து அவன் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செக்போஸ்டில் இருந்தவர் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்தே வந்து பார்த்தார், அவரிடமும் நடந்ததைச் சொன்னோம்.

தேவாரம் ரோட்டில் எங்கள் ஜீப்புகளைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எங்கள் இருவருக்கும் மூத்தவர். எந்த வேலையைக் கொண்டுபோனாலும் முதல் வார்த்தையாக "இது ஆகாது" என்பார். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். சட்டை ஆணியில் ஏறிவிட்டால் வேலை ஆகிவிடும் என்று எங்களுக்குத் தெரியும். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவரிடம் நாலாவது கியரில் மட்டும் சத்தம் இல்லை என்றேன். அவரும் அதைக் கவனித்திருந்தார். ஜீப்பிலும் அப்படித்தானாம். நாலாவதில் எஞ்சினின் சுழற்சி நேராகப் பின்னால் போய்விடும், மற்ற மூன்றிலும் பெட்டிக்குள் கீழே இருக்கிற தண்டுக்கு இறங்கி மறுபடி மேலே ஏறித்தான் போகும். அதனால் கோளாறு கீழ்த்தண்டில்தான் இருக்க வேண்டும் என்றார். "ஆனா தங்கச்சி, இந்த மாதிரிப் பெட்டிய நான் தொறந்ததே இல்ல. இது ஆகாது." சட்டையைக் கழற்றினார்.

அந்த வண்டியில் கியர் பெட்டியை மட்டும் தனியாக இறக்க முடியாது, எஞ்சினோடு சேர்த்துத்தான் மேலே தூக்க வேண்டும். சங்கிலி கட்டித் தூக்கியபோது பாதி வண்டியே ஆகாயத்துக்குப் போனது போல இருந்தது. பெட்டியைத் திறந்து ஆயிலை வடித்தார். கறுப்பு ஆயிலுக்குள் ஜிகினா தூள் மின்னியது. கீழ்த்தண்டில் பேரிங் ஓடும் இடம் அம்மைத் தழும்பாகக் கிடந்தது. மூன்றாம் கியரின் சின்னப் பற்கள் முனை மழுங்கியிருந்தன, அதன் பித்தளை வளையம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கியர் மாற்றிக் கொடுக்கும் கவையும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. யாரோ ஓட்டும்போது கையை எப்போதும் கியர் கம்பி மேலேயே வைத்திருக்கிறார்கள் என்றார் மெக்கானிக். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, அது பழைய மேனேஜராகத்தான் இருக்கும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

இதற்கு மேல் என்ன செய்வது என்பதில்தான் வம்பு வந்தது. தேய்ந்ததையெல்லாம் மாற்றிப் பழைய பெட்டியையே சரிசெய்யலாம். அதற்கான உதிரிபாகங்களை இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள், வரவழைக்கத் தாமதமாகும், எல்லாம் போட்டு மூடிய பிறகு சத்தம் போகும் என்று மெக்கானிக்கால் உறுதி சொல்ல முடியாது. இல்லையென்றால் பெட்டியையே மாற்றிவிடலாம். இப்போது ஊரெல்லாம் ஓடுகிற ஒரு காரின் ஐந்து கியர் பெட்டி கோயம்புத்தூரில் கிடைக்கும். எல்லா கியருக்கும் வளையம் உண்டு, வெண்ணெய் மாதிரி விழும், கோளாறு வந்தால் தேனியிலேயே பாகம் வாங்கலாம். ஆனால் அது அகலமான பெட்டி. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே போகும் தரைத் தகட்டை வெட்டித் திறந்தால்தான் உள்ளே நுழையும்.

"ஒருக்கா வெட்டுனா வெட்டுனதுதான், பாத்துக்கங்க" என்றார் மெக்கானிக்.

நான் பழைய பெட்டிதான் என்றேன். தம்பி புதுப் பெட்டிதான் என்றான். ஐந்து கியரைப் போட்டு ஓட்டுவதற்கு இந்த வண்டி எதற்கு, ஊரெல்லாம் ஓடுகிற அந்தக் காரையே வாங்கிக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். வண்டி ஓட்டுவதற்கா, மாலை போட்டுக் கும்பிடுவதற்கா என்று அவன் கேட்டான். மலைப்பாதையில் முதல் கியரைத் தேடித் தேடிப் போடுவதில்தானே சுகம் என்று நான் சொன்னதும் அவன் முகம் மாறியது. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. போன் செய்தால் தோப்பில் சோலி இருக்கிறது என்பான். நான் காய் எடுப்பு நடக்கிறது என்பேன். அவ்வளவில் பேச்சு முடிந்துவிடும். எஞ்சின் இல்லாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற காரைவிட இதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. பழையபடி பொங்கலுக்கு ஒரு போன் என்று ஆகிவிடுமோ என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் தம்பியின் மனைவி ஒரு நாள் போடிக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள், நூல் வாங்க மாதத்துக்கு ஒரு முறை வருவாள். காப்பி குடித்துவிட்டும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவருக்கு இடது முட்டி தேய்ந்துவிட்டது என்றாள். படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுகிறாராம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாராம். அந்தக் காரின் கிளட்ச் கல் மாதிரி இருக்கிறதாம். ஒரு தடவை மிதிப்பதே பெரும்பாடு, அதில் ஒரு கியருக்கு இரண்டு தடவை எப்படி மிதிப்பார் என்றாள்.

எனக்கு வளைவுக்கு வளைவு அவன் வண்டியை நிறுத்தி நிறுத்திப் போனது நினைவுக்கு வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா அவர ஸ்டியரிங்கத் தொட விடமாட்டீங்கன்னு பயம், மதினி" என்றாள். "விடமாட்டீங்கதான?"

விடமாட்டேன்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கே சிரிப்பாக இருந்தது. அவளும் சிரித்தாள். தான் சொன்னதாகச் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே மெக்கானிக்கிடம் போய் ஐந்து கியர் பெட்டியையே வரவழைக்கச் சொன்னேன். எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நான் மட்டும் போய் என்ன செய்ய? தம்பிக்குப் போன் செய்து, நீ சொன்னதுதான் சரி, மாற்றிவிடலாம் என்றேன். "நெசமாவா சொல்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்தது. மெக்கானிக் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். போனபோது காரின் இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்திருந்தார். தரை விரிப்பையும் உரித்து எடுத்திருந்தார். நடுத்தகட்டில் எங்கிருந்து எதுவரை வெட்ட வேண்டும் என்று சாக்பீஸில் கோடு போட்டிருந்தது. விரிப்புக்கு அடியில் வெயிலே பட்டிருக்கவில்லை. வண்டி செய்த நாளில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. வெளியே வெளுத்துப்போன அந்தப் பச்சை உள்ளே மழையில் நனைந்த இலையைப் போலப் பளபளத்தது. இப்படி ஒரு நிறத்து வண்டியையா நாம் வைத்திருக்கிறோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். இடது காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. நான் பார்க்காதது போல இருந்தேன். அந்தப் பச்சையை விரலால் தடவிப் பார்த்தான். மெக்கானிக் கட்டிங் மெஷினைக் கையில் எடுத்து ஒயரைப் பிளக்கில் சொருகினார்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றான் தம்பி.

மெக்கானிக் நின்றார்.

"இத எதுக்கு வெட்டணும்?"

"நீங்கதான தம்பி வெட்டச் சொன்னீங்க?"

தம்பி என்னைப் பார்க்கவில்லை. தகட்டைப் பார்த்தபடியே பேசினான். "எனக்கு முட்டி வலி. அதான் சொன்னேன். முட்டி வலிச்சா முட்டியத்தான பாக்கணும். வண்டிய வெட்டி என்ன பண்ண?"

"எந்த முட்டி?" என்று கேட்டார் மெக்கானிக்.

"எடது."

"கிளட்ச் முட்டி" என்றார் அவர், துக்கம் விசாரிக்கிற குரலில். மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு முன்பே தெரியும் என்றேன். தம்பி சட்டென்று நிமிர்ந்து, யார் சொன்னது என்றான். அவனே கண்டுபிடித்துவிட்டு, "நூல் வாங்கப் போறேன்னா. நூலா வாங்கினா?" என்று முணுமுணுத்தான். கோபம் இல்லை. யாராவது சொல்லித் தொலைத்தார்களே என்ற நிம்மதிதான் அதில் இருந்தது என்று எனக்குப் பட்டது. நான் அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"முந்தல்ல இருந்து மெட்டு வரைக்கும் ஏத்தம் நான் ஓட்டுறேன்" என்றேன். "மத்த எடம் எல்லாம் நீயே ஓட்டு."

"எறக்கம்?"

"எறக்கத்துல கிளட்சுக்கு என்ன வேல? ஒரே கியர்ல போட்டு விட்டா அதுபாட்டுக்கு எறங்கும். எறக்கம் உனக்கு."

அவன் யோசித்தான். பாகப்பிரிவினை அன்று பத்திரத்தை வைத்துக்கொண்டு யோசித்ததைவிட அதிகமாகவே யோசித்தான். "மேல பூப்பாறை வரைக்கும் போனா, அதுவும் எனக்குத்தான்" என்றான். சரி என்றேன். மலைப்பாதையை ஏற்றம் ஒருவருக்கு, இறக்கம் ஒருவருக்கு என்று பிரித்துக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

கோயம்புத்தூர்ப் பெட்டியை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது, பழைய பெட்டியும் ஆகாது என்று மெக்கானிக் கொஞ்ச நேரம் சடைத்துக்கொண்டார். இரண்டொரு நாளில் ஒரு டாக்சிக்காரர் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெக்கானிக் சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்தபோது அவர் முகத்திலும் சந்தோஷம்தான் இருந்தது. அந்தத் தகட்டில் மெஷினை வைக்க அவருக்கும் மனம் வந்திருக்காது.

உதிரிபாகங்கள் வந்து சேர்ந்தன. புதுப் பித்தளை வளையங்களை எண்ணெய்த் தாளில் சுற்றி அனுப்பியிருந்தார்கள், சீர்வரிசை வளையல்களைப் போல இருந்தன. புதுக் கீழ்த்தண்டு, புதுக் கவை, புது மூன்றாம் கியர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வேறு வேலை இல்லாததால் அன்றைக்கு வைத்துக்கொண்டோம். மெக்கானிக் தன் போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரிப் பெட்டியை மாட்டுகிற வீடியோவைப் போட்டு, அதை ஆயில் டின் மேல் சாய்த்து வைத்தார். அந்த மனிதர் பேசுவதில் பாதியை நான் புரிந்துகொண்டேன், கையால் செய்வதை மெக்கானிக் புரிந்துகொண்டார்.

கீழ்த்தண்டின் பேரிங்கில்தான் மாட்டிக்கொண்டோம். அது முழுப் பேரிங்காக வரவில்லை. ஊசி போன்ற மெல்லிய உருளைகளை ஒவ்வொன்றாக கிரீசில் ஒட்டி, ஒரு குழாயின் உள்சுவரைச் சுற்றி நிற்க வைக்க வேண்டும். எல்லாம் நின்ற பிறகு நடுவே தண்டைச் செருக வேண்டும். மெக்கானிக்கின் விரல்கள் ஜீப்புக்கு ஏற்ற விரல்கள். கடைசி உருளையை வைக்கும்போது முதல் உருளை சாயும். ஒன்று பெட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. அதை எடுக்க எல்லாவற்றையும் மறுபடி பிரித்தோம். தம்பி வைத்துப் பார்த்தான், அவன் மூச்சுக்காற்றே தள்ளிவிட்டது. நான் வைத்தபோது கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி கிரீசில் விழுந்தது.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த தம்பியின் மனைவி இதையெல்லாம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தள்ளுங்க" என்றாள்.

ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறவள் போலக் குனிந்து உட்கார்ந்தாள். ஒரு உருளையை நகத்தில் எடுப்பாள், கிரீசில் தொடுவாள், நிறுத்துவாள். வெள்ளைக்காரரின் வீடியோ முடிந்து, வேறு ஏதோ வீடியோ தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கத்தில் ஒன்று சாய்ந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் எடுத்து மறுபடி வைத்தாள். மெக்கானிக் தண்டைச் செருகினார், அது முழுதாக உள்ளே போய் உட்கார்ந்தது. அவளையே சுற்றிப் பார்க்கச் சொன்னார். கையால் சுற்றினாள். எந்தச் சத்தமும் இல்லை. இது கெட்டுப்போய்த்தான் மலையில் அந்த ஊளை கேட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றதும், திரும்பவும் ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"வண்டிய எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டாள். வண்டி என்று அவள் சொன்னதை நானும் தம்பியும் கவனித்தோம், கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. அன்று மீன் குழம்பு. தம்பிக்கு மட்டும் தனியாகக் கத்திரிக்காய்.

எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்து இறக்கி மாட்டிய பிறகு முதல் ஓட்டம் தேவாரம் ரோட்டில். தம்பிதான் ஓட்டினான், மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கடை வாசலில் நின்றேன். இருபுறமும் சோளக்காட்டுக்கு நடுவே வண்டி சின்னதாகிப் போய், பிறகு திரும்பி வந்தது. வரும்போது எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூன்றாவது அசையவில்லை என்றான் தம்பி. ஆனால் வேகம் காட்டுகிற முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது, அதன் கேபிளை மாட்ட மறந்துவிட்டோம். மறந்தது யார் என்பதில் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது.

அடுத்த ஞாயிறு மலைக்குக் கிளம்பினோம். முந்தலில் நிறுத்தி இடம் மாறிக்கொண்டோம். செக்போஸ்ட்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் கையில புடிக்கலயாக்கா?" என்று கேட்டார். ஏற்றத்தில் வளைவுகள் வர வர முதல் கியரைத் தேட வேண்டிவந்தது. மிதித்து, விட்டு, தட்டி, மறுபடி மிதித்தால், ஒரு சின்ன இடுக்கில் சாவி நுழைவது போல அது உள்ளே போனது. தம்பி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி மலையில், போடி இங்கிருந்து இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றான். இத்தனை நாளும் அவன் ரோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறான். ரயில்வே ஸ்டேஷன் எங்கே, சிலமலை எங்கே, அவன் தோப்பு எங்கே என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றம் என்னுடையது.

மெட்டில் பனி இறங்கியிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்து கட்டன் குடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னாலேயே பஸ் ஏறி வந்துவிட்டாளாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என் கை வேலையும் உள்ள இருக்குல்ல" என்றாள். "எறக்கத்துல நான் வர்றேன்."

கூரையை மடக்கிவிட்டு அவள் என் இடத்தில் உட்கார்ந்தாள், முந்தானையைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அவர்கள் கிளம்பிப் போனதும் நான் ரோட்டோரம் நின்றேன். தோட்டங்களில் காய் எடுத்துவிட்டுத் திரும்பும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்தது. கை காட்டி ஏறி, கூடைகளுக்கும் தூக்குச்சட்டிகளுக்கும் நடுவே நெருக்கி உட்கார்ந்துகொண்டேன்.

சில வளைவுகளுக்குக் கீழே எங்கள் வண்டியைப் பிடித்துவிட்டோம். தம்பி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தான். நான் அதன் பின்பக்கச் சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கியர் துள்ளினால் அவன் பிரேக்கைப் பிடிப்பான், பிரேக்கைப் பிடித்தால் விளக்கு எரியும். வளைவில் எரிந்தது. வளைவு முடிந்ததும் அணைந்தது. நீண்ட சரிவில் எரியவே இல்லை. எஞ்சினே பிடித்துக்கொண்டு இறங்கியது. மூன்றாம் கியர் நின்றுவிட்டது என்று தெரிந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டேன். அவர் பயந்துபோனார்.

முந்திப் போக வழி கிடைக்காமல் ஜீப்பு டிரைவர் அலுத்துக்கொண்டார். பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்துவிடுகிறார்கள் என்றார்.

"அது இந்தக்கா வண்டிதான்" என்றாள் என் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பெண் ஒருத்தி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பெறகு நீங்க ஏன் இதுல வர்றீங்க?" என்று கேட்டார் பக்கத்து அம்மா.

"அதுல ரெண்டு சீட்டுதான்."

"மூணு பேரு இருந்துக்கிட்டு ரெண்டு சீட்டு வண்டி எதுக்கு வாங்குனீங்க?"

டிரம் வாங்கத்தான் போனோம் என்று சொன்னேன். ஜீப்பில் யாருக்கும் அது புரிந்ததாகத் தெரியவில்லை, ஆனால் சிரித்தார்கள். முந்தலில் நிற்பார்கள், இறங்கி ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் நிற்கவில்லை. சமவெளி வந்ததும் நாலாவது கியருக்கு மாற்றிப் போடியைப் பார்த்து விரட்டிவிட்டார்கள்.